எழுப்பாமல் போனவர்கள்

விழித்தபோது வாயில் இன்னும் ஆட்டுக்கறிக் குழம்பின் ருசி இருந்தது. கன்னத்தில் தலையணை உறையின் தையல் பதிந்து அரித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் ஆண்டவர் பாளையங்கோட்டைக்காரர்களுக்கென்று தனியாக அருளிய கிருபை. காலை ஆராதனை, கறிச்சோறு, தூக்கம், மாலை ஆராதனை. எங்கள் பாஸ்டர் சினிமாவைக் கண்டித்திருக்கிறார், நகையைக் கண்டித்திருக்கிறார், பூ வைப்பதைக்கூடக் கண்டித்திருக்கிறார், இந்தத் தூக்கத்தை மட்டும் ஒருநாளும் கண்டித்ததில்லை. கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் கிடந்தேன். இன்றைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, சாயங்காலம் திருவிருந்து என்பது ஞாபகம் வந்தது. மாசக்கணக்காக நான் அதில் கை வைக்கவில்லை. அப்பமும் திராட்சரசமும் வைத்த தட்டு வரிசை வரிசையாக வரும், என் வரிசைக்கு வருமுன் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய்விடுவேன். மனக்கசப்பை வைத்துக்கொண்டு அதைத் தொடக் கூடாது, தொட்டால் ஆக்கினை, தேவதண்டனை. போனமுறை பாஸ்டரம்மா வாசல்வரை வந்து, ‘சுகர் இருக்கா எப்சிபா, அடிக்கடி எந்திச்சுப் போறியே’ என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இல்லாத சுகரைச் சொன்னதற்கும் அங்கே மேலே ஒரு கணக்கு இருக்கும். இப்படி யோசித்துக்கொண்டே கிடந்தபோதுதான் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை என்பது உறைத்தது. மின்விசிறி முனகுகிறது, அவ்வளவுதான். இந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் ஹாலில் சத்தமாக வேதம் வாசித்துக்கொண்டிருப்பார், தனக்கு வாசிக்கிறாரா தெருவுக்கு வாசிக்கிறாரா என்று தெரியாத சத்தத்தில். என் மகள் கெசியா போனில் யாரிடமாவது சிரித்துக்கொண்டிருப்பாள். ‘என்னங்க’ என்றேன். ‘ஏ கெசியா.’

எழுந்து ஹாலுக்கு வந்தேன். நாற்காலியின் மேல் வேதம் விரித்தபடி கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் என் வீட்டுக்காரரின் கண்ணாடி. அந்தக் கண்ணாடி இல்லாமல் ஆசீர் அவர்களுக்கு வாசற்படி தெரியாது, கழற்றி வைத்துவிட்டு எங்கே போவார்? வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. படியில் அவருடைய செருப்பு, பக்கத்தில் கெசியாவின் செருப்பு, இரண்டும் ஒழுங்காக, போட ஆள் இல்லாமல். கதவுக்கு முன்னால் கெசியாவின் ஷால் தரையில் விழுந்து கிடந்தது, இழுத்து எறிந்ததுபோல இல்லை, தோளில் இருந்து தானே நழுவினதுபோல. அடுக்களையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் டீ போட வைத்த பால் வற்றிக் கருகி, சட்டி சிவந்துபோய் உட்கார்ந்திருக்கிறது, அடியில் தீ எரிகிறது. அடுப்பை அணைத்தேன். மேடையில் மூன்று தம்ளர்கள். மூன்றாவது எனக்கு. பிறகு கெசியாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன், கட்டிலின் நடுவில் அவள் போன் கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. என் மகள் குளிக்கப் போனாலும் போனோடு போகிறவள். அவள் போனை விட்டுவிட்டுப் போகக்கூடிய இடம் பரலோகம் ஒன்றுதான்.

இரகசிய வருகை என்று எங்கள் சபைகளில் சொல்வோம். யாரும் நினையாத ஒரு நேரத்தில் ஆண்டவர் மேகத்தில் வருவார், எக்காளம் தொனிக்கும், ஆயத்தமாய் இருக்கிறவர்கள் கண் இமைக்கும் நேரத்தில் இருந்த இடத்திலிருந்து மறைந்து போவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். கைவிடப்படுவது, அந்த வார்த்தையைத்தான் நாங்கள் பாலோடு சேர்த்துக் குடித்து வளர்ந்தோம். சின்ன வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது எங்கள் வீடு இதேபோலத் திறந்து கிடந்தது, உலை கொதித்துக்கொண்டிருந்தது, அம்மாவைக் காணோம். பையை எறிந்துவிட்டு அழுதுகொண்டே பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். பாஸ்டரம்மா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்தால் வருகை இல்லை என்று எனக்கு உயிர் வந்தது. அம்மா தப்பிப் போன கோழியைப் பிடிக்க முள்ளுக்காட்டுக்குள் போயிருக்கிறாள். எங்கள் சபைப் பிள்ளைகளில் இப்படி ஒருமுறையாவது ஓடாத பிள்ளை கிடையாது, வளர்ந்தபிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எனக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. ஹாலின் நடுவில் தலைமுடி அவிழ்ந்து நிற்கிறேன், சிரிப்பு வரவில்லை. வயது ஏற ஏறப் பயம் போய்விடும் என்று யார் சொன்னது? பிள்ளையாக இருந்தபோது நான் விடப்படுவதற்குக் காரணம் இல்லை, பென்சில் திருடினதைத் தவிர. இப்போது காரணம் இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறது.

பொறு, எப்சிபா, நிதானமாக யோசி என்று எனக்கு நானே சொன்னேன். கடைக்குப் போயிருக்கலாம். செருப்பில்லாமலா? சபையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டிருக்கலாம். அப்படியென்றால் கதவைச் சாத்தியிருப்பார்களே. யாருக்காவது திடீரென்று ஏதாவது ஆகியிருக்கலாம், அப்படி ஆவது உலகத்தில் நடக்கிறதுதானே. நடக்கிறது, ஆனால் அப்படி ஒன்று ஆனால் முதலில் என்னையல்லவா எழுப்புவார்கள்? இந்த வீட்டில் ஒரு நெருப்புக்குச்சி காணாமல் போனாலே என்னைத்தான் எழுப்புவார்கள். தலைவலித் தைலம் எங்கே என்று எழுப்புவார், கரண்ட் போனால் கரண்ட் போய்விட்டது என்று சொல்ல எழுப்புவார். எந்த அவசரத்திலும் என்னை எழுப்ப ஒரு நொடி இருக்கும். எழுப்ப நேரம் இல்லாத போக்கு ஒன்றே ஒன்றுதான். இந்த இடத்தில் யோசனை முட்டி நின்றது. எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாலும் அதே இடத்தில் வந்து முட்டியது. வேதத்தில் எலியா தீர்க்கதரிசி உயிரோடு பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது அவர் சால்வை கீழே விழுந்தது. தரையில் கிடந்த ஷாலைத் தொடப் பயமாக இருந்தது. அவருடைய கைலி எங்காவது விழுந்து கிடக்கிறதா என்று தேடினேன். இல்லை. அப்படியானால் கைலியோடே போய்விட்டார். பின்னால் ஓட்டை விழுந்த அந்தப் பச்சைக் கைலி, இதைக் கட்டாதீர்கள், யாராவது வந்தால் மானம் போகும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது அதோடு போய் நிற்கிறார், தூதர்களுக்கு முன்னால். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மனுஷன் ஆயத்தமாகத்தான் இருந்தார் போலிருக்கிறது. நான் குறை சொன்னதெல்லாம் துணியைப் பற்றி.

பாஸ்டருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. பாஸ்டரம்மாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. என் வீட்டுக்காரரின் எண்ணுக்குப் போட்டேன், அது அலமாரி மேல் சார்ஜில் கிடந்து என்னைப் பார்த்தே அலறியது. வாசலில் வந்து நின்று தெருவைப் பார்த்தேன். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது, ஒரு நாய் வாசலுக்கு வாசல் நிழல் தேடிப் போனது. எதிர்வீட்டு முத்துலட்சுமியின் டிவியில் யாரோ யாரையோ அறைந்து வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் போய் என்ன கேட்பேன்? எங்க வீட்டுக்காரரை மேகத்தில் எங்கேயாவது பார்த்தீர்களா என்றா? நல்ல பெண், மாவு அரைத்தால் கொஞ்சம் கொடுத்தனுப்புவாள். இத்தனை வருஷமாக அவளுக்கு வருகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்லியிருந்தால் இப்போது கேட்கவாவது வாய் இருக்கும். டிவி ஓடுவது ஒரு அத்தாட்சியும் இல்லை, எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகும் உலகம் ஓடும் என்றுதான் வேதம் சொல்கிறது, வாங்குவார்கள் விற்பார்கள் அறைவார்கள். வெயில் அதே வெயில்தான். ஆனால் தெரு வேறு மாதிரித் தெரிந்தது. தண்ணீர்க் குடம், கேட்டில் மாட்டின பால் பை, காயப் போட்ட வத்தல், எல்லாவற்றையும் நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை, வேறெங்கோ நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதையும் நித்தியத்தின் வாசலில் நின்று பாருங்கள், அது எவ்வளவு பெரிது என்று தெரியும் என்பார் பாஸ்டர். வருத்தம், வியாதி, பக்கத்து வீட்டுக்காரனின் புது வண்டி, எல்லாம் அங்கிருந்து பார்த்தால் கடுகு. எனக்கு அது நன்றாகவே வரும். ஆசீருக்கு வேலை போனபோது அப்படிப் பார்த்துத்தான் சமாளித்தேன். அம்மா செத்தபோது அப்படிப் பார்த்துத்தான் எழுந்து சோறு பொங்கினேன். எது வந்தாலும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பேன், சிறுத்துவிடும். ஒன்று மட்டும் சிறுக்கவில்லை. எவ்வளவு தூரம் பின்னால் போனாலும் அது கூடவே வந்தது, பெரிதாகிக்கொண்டே வந்தது. வயலட் மைனி. என் வீட்டுக்காரரின் அக்காள். மாமனாரின் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்ததில் அந்தப் பாதி அவளுக்கு, இந்தப் பாதி எங்களுக்கு. விதவை, மகன் துபாயில். கெசியாவைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மழைநாளில் கெசியா வேலை செய்கிற இடத்துப் பையன் அவளைப் பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டான். மைனி பார்த்துவிட்டாள். என்னிடம் கேட்டிருக்கலாம், பிள்ளையிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், ஜெபக்குறிப்பு இருக்கிறவர்கள் சொல்லுங்கள் என்றதும் எழுந்து நின்று, ‘என் தம்பி மவ ஒரு தப்பான வழியில போறா, எல்லாரும் கண்ணீரோட ஜெபிச்சிக்கிடுங்க’ என்றாள். வேறு யாராவது தெருக்குழாயில் நின்று சொல்லியிருந்தால் அது புறணி, சண்டை போடலாம். முழங்காலில் நின்று சொன்னால் என்ன செய்வது? சபையே அழுதது. என் பிள்ளைக்காக மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள், நானும் நடுவில் முழங்காலில். மறுவாரம் நாகர்கோவிலிலிருந்து வரவிருந்த சம்பந்தம் ‘கர்த்தருடைய சித்தம் வேறுபோல் இருக்கிறது’ என்று சொல்லி நின்றுபோனது.

அன்றைக்கு நிறுத்தின பேச்சுதான். நேராக ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியது இருந்தால் சுவர் கேட்கச் சொல்வது, அல்லது ஆசீரை நடுவில் நிறுத்திச் சொல்வது. ‘தண்ணி தொறந்து விட்டாச்சாம், வேணும்னா பிடிச்சிக்கிடச் சொல்லு ஆசீரு’ என்பாள் அவள், நான் அடுத்தாற்போல் நிற்கும்போதே. கெசியாவை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சபையில் அவள் இடது கோடி, நான் வலது கோடி. ஒருமுறை பாஸ்டர் அந்த வசனத்தை எடுத்தார், இரண்டு ஸ்திரீகள் ஒரே ஏந்திரத்தில் மாவு அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள் என்பது. நான் திரும்பி இடது கோடியைப் பார்த்தேன். அவளும் அதே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அதில் யார் எந்த ஸ்திரீ என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. எனக்குப் பரலோகத்தைப் பற்றி இருந்த ஒரே கவலை, அங்கேயும் அநேக வாசஸ்தலங்கள் இருக்கும்போது இவளுடையதற்கு அடுத்ததை எனக்குக் கொடுத்துவிடக் கூடாதே என்பதுதான். யுகயுகமாகப் பக்கத்து வீடு. பிறகு, அவள் அங்கே வந்தால்தானே என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். நினைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஞாயிறு தவறாமல் அதை நினைத்துக்கொண்டுதான் பாட்டுப் பாடினேன்.

இதை நினைத்ததும் நெஞ்சில் ஒரு வெளிச்சம் வந்தது. மைனி! அவள் இருப்பாளே! யார் போனாலும் அவள் போயிருக்க மாட்டாள், அவள் வீட்டில் இருந்தால் வருகை இல்லை என்று ஆகிவிடாது, ஆனாலும் ஒரு ஆள், எடுத்துக்கொள்ளப்படாத இன்னொரு ஆள், கூட அழ ஒரு ஆள். அவளைப் பார்க்க இப்படி ஒரு ஆசை எனக்கு வரும் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பின்கட்டு வழியாக ஓடினேன். சுவரின் கடைசியில் ஒரு சின்னத் தகரக் கதவு, நான்தான் கம்பி போட்டு முறுக்கி வைத்திருந்தேன். அவிழ்க்க வரவில்லை, விரலைக் கிழித்துக்கொண்டு அவிழ்த்தேன். அந்தப் பக்கம் குழாய் திறந்தபடி கொட்டிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பித் தண்ணீர் துவைகல்லைச் சுற்றி வாழைமரத்து மூட்டுக்கு ஓடியது. கல்லின் மேல் பாதி பிழிந்த சேலை முறுக்கியபடியே கிடந்தது, மறுபாதியைப் பிழிய வேண்டிய கை இல்லை. கீழே ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. குழாயை மூடினேன், உலகம் முடிந்தாலும் தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. ‘மைனி’ என்று கூப்பிட்டேன். எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்த வார்த்தை, தொண்டையில் பாசி பிடித்ததுபோல வந்தது. வீட்டுக்குள் ஓடினேன். அடுக்களை, படுக்கையறை, முன்கூடம். வாசல் திறந்து கிடந்தது. மைனி இல்லை.

அவளையுமா ஆண்டவரே?

சத்தமாகவே கேட்டுவிட்டேன். பயத்துக்கு முன்னால் வந்தது கோபம். அவளையுமா எடுத்துக்கொண்டீர்? என் பிள்ளையின் பேரைச் சபை நடுவில் நாறடித்தாளே, அதை நீர் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர், உம்மிடம்தானே சொன்னாள்? நான் என்ன செய்தேன், பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பது ஒரு பாவமா? திருப்பி ஒரு வார்த்தை திட்டினேனா, சபையில் ஒருவரிடம் அவளைப் பற்றிக் குறை சொன்னேனா? உம்மிடம் மட்டும்தான் சொன்னேன், அவள் காரியத்தில் நீர் கிரியை செய்யும் என்று தினமும் சொன்னேன், நீர் செய்த கிரியை இதுதானா? முன்கூடத்தில் அவளுடைய பிரம்பு நாற்காலி கிடந்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே முறத்தில் பாதி உரித்த சின்ன உள்ளி. உரித்தது ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம், உரிக்காதது ஒரு பக்கம், மைனி எப்போதும் இப்படித்தான், ஒழுங்கு. ஜன்னல் திரை சாயம் போயிருந்தது. இது எப்போது இப்படி வெளுத்தது? வெளுக்கும்வரை நான் இங்கே வரவே இல்லை என்று அர்த்தம். ஆணியில் அவள் சபைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை, மாலைக்காக இஸ்திரி போட்டு மடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டாமல், துணி துவைத்த ஈரத்தோடு, பாதி பிழிந்த கையோடு போயிருக்கிறாள். அவளுக்கு அது பிடித்திருக்காது. எங்கே போனாலும் தலை வாரி, பவுடர் போட்டுத்தான் போவாள்.

கோபம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. உள்ளித் தோல் காற்றில் அசைந்தது. மைனிக்கு உள்ளி உரித்தால் கண் எரியாது, கெசியா சின்னப்பிள்ளையாக இருந்தபோது அதை ஒரு வித்தையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பிரசவக் காய்ச்சல் வந்து கிடந்தபோது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே இரண்டு வீட்டுக்கும் உள்ளி உரித்துச் சமைத்தவள் இவள். அந்த நாளும் நடந்ததுதான், ஜெபக்கூட்டமும் நடந்ததுதான், இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான். நான் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நித்தியத்தின் வாசலில் போய் நின்றுகொண்டிருந்தேன், இதைப் பாரும், இதைப் பாரும் என்று. அங்கே நிற்கிறவர் இரண்டையும் பார்த்திருப்பார். மைனி பிள்ளையைக் கெடுக்க நினைத்துச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துபோய்ச் சொன்னாள், பயந்தால் ஊரையே முழங்காலில் போடுகிறவள் அவள், அவளுக்கு வேறு வழி தெரியாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் என்ன, தெரிவதால் வலி போகுமா? போகவில்லை, இப்போதும் போகவில்லை. வலி இருந்துவிட்டுப் போகட்டும், ஆள் இருந்திருக்கலாம். சுவருக்கு இந்தப் பக்கத்தில் இனி யாரும் தண்ணீர் திறந்துவிட மாட்டார்கள், யாரும் எனக்குக் கேட்கச் சுவரிடம் பேச மாட்டார்கள் என்று நினைத்தபோது தாங்கவில்லை. அவளோடு யுகயுகமாக எப்படிப் பக்கத்தில் இருப்பது என்று இவ்வளவு நாளும் கவலைப்பட்டேன். அவள் இல்லாமல் ஒரு சாயங்காலம் இருக்க முடியவில்லை. ஆண்டவரே, மேலே எனக்கு இடம் கொடுக்காவிட்டாலும் போகட்டும், அந்த மூன்று பேரையும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அழுதேன். மூன்று என்றுதான் சொன்னேன், அவளையும் சேர்த்துத்தான் வாயில் வந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வெறுங்காலோடு கெசியா இறங்கி ஓடி வந்தாள், சுடிதாரின் முழங்கால் வரை ஈரம், ஒரு இடத்தில் சிவப்பாக. என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளைப் பார்த்ததும் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன்.

“எம்மா, நீ இங்கயா இருக்க? அத்தை வீட்லயா?” என்றாள், பேயைப் பார்த்தவள்போல.

“எங்கட்டி போனீங்க எல்லாரும்?”

“அத்தை துவைகல்லுகிட்ட வழுக்கி விழுந்துட்டாவம்மா. நான் டீ போட்டுக்கிட்டு நின்னேன், சத்தம் கேட்டு முன்வாசலச் சுத்தி ஓடுனேன். மண்டையில அடி, காலத் தூக்க முடியல. அப்பா அப்படியே தூக்கிட்டு ஓடுனாவ, அடுப்பு, போன் ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. முத்துலட்சுமி அக்கா வீட்டு மாமா ஆட்டோ பிடிச்சித் தந்தாவ. பிரஷர் மாத்திரை என்ன சாப்பிடுதாவன்னு டாக்டர் கேக்காவ, அத எடுக்கத்தான் வந்தேன்.”

“உசிருக்கு?”

“ஒண்ணும் இல்ல, பேசுதாவ. இடுப்பு எலும்பு ஒடஞ்சிருக்கும்னு சொல்லுதாவ.” சொல்லிக்கொண்டே நேராக அலமாரியின் இரண்டாம் தட்டுக்குப் போய், தேடாமல், கையை விட்டு மாத்திரை டப்பாவை எடுத்தாள். மாத்திரை இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் போகக் கூடாது என்று சொன்ன பிறகும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பேர் கெட்டது யாருடையதோ அவள் எப்போதோ மன்னித்துவிட்டு வந்து போயிருக்கிறாள், வழக்கை நான் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அதைப் பற்றி இப்போது கேட்கத் தோன்றவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

“என்னை ஏம்ட்டி எழுப்பல?”

கெசியா டப்பாவைத் திறந்து மூடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அப்பா எழுப்பத்தான் வந்தாவ. கட்டில்கிட்ட வரைக்கும் வந்துட்டாவ. நான்தான் வேண்டாம்னேன்.”

“ஏன்?”

“நீ வரமாட்டேன்னு சொல்லிட்டா? அத்தை வாசல்ல ஆட்டோவுல இருக்காவ, எல்லாம் கேக்கும். அடிபட்டுக் கிடக்கும்போது அவிய காதுல அது விழ வேண்டாம்னு நெனச்சேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. இருவரும் என் கட்டிலின் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள், தூங்கும் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், இவளை எழுப்பினால் என்ன சொல்லுவாளோ என்று ஒரு நொடி யோசித்திருக்கிறார்கள், எழுப்பாமல் போயிருக்கிறார்கள். எழுப்ப நேரம் இருந்திருக்கிறது. எழுப்பியிருந்தால் நான் போயிருப்பேனா? ஆமாம் என்று சொல்ல ஆசைதான். தூக்கக் கலக்கத்தில், வயலட் மைனி விழுந்துவிட்டாள் என்று கேட்டால் என் வாயிலிருந்து முதலில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பெற்ற தாய்போல அறிந்தவள் கெசியா, அவளுக்கும் தெரியவில்லை. ஆண்டவர் இன்னும் வரவில்லை. அவர் வராமலே நான் விடப்பட்டிருந்தேன்.

ஆட்டோவில் கெசியா ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள், நான் ஏறினதை நம்பாதவளாக வழியெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைத்தெரு, மாதா சொரூபம், பரோட்டா மாவு பிசைகிறவன், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் ஆசீர் கண்ணாடி இல்லாமல் அந்தப் பச்சைக் கைலியில் சுவரோரம் நின்றிருந்தார், நான் பக்கத்தில் போகும்வரை யாரென்று தெரியவில்லை. தெரிந்ததும் நகர்ந்து வழி விட்டார். கட்டிலில் மைனி தலையில் கட்டோடு கண்ணை மூடிக் கிடந்தாள். முகம் சின்னதாகப் போயிருந்தது. நர்ஸ் வந்து, கூட ஒரு ஆள்தான் இருக்கலாம், பெண்ணாக இருக்கட்டும், ராத்திரிக்கும் இருக்க வேண்டிவரும் என்றாள். ஆசீர் கெசியாவைப் பார்த்தார், கெசியா முன்னால் வந்தாள். நான் அவளைக் கையால் தடுத்துக் கட்டிலருகே போனேன்.

மைனி கண்ணைத் திறந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் தம்பி பக்கம் திருப்பினாள்.

“ஆசீரு,” என்றாள், நான் அடுத்தாற்போல் நிற்க, “அவளச் சபைக்குப் போவச் சொல்லு. இன்னைக்குத் திருவிருந்துல்லா.”

ஆசீர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அவர் சொல்லி முடிக்க நான் காத்திருக்கவில்லை.

“நான் போவல மைனி,” என்றேன், அவளைப் பார்த்தே. “இங்கதான் இருக்கேன்.”

மைனியின் உதடு கோணிக்கொண்டு வந்தது, வலியா அழுகையா என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து அவள் கை வெளியே வந்தது, நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.